விரலைப் பார்த்தால் பயம் போகுமா?

"விரல ஆட்டுவாவளாம், நீ பாத்துக்கிட்டே இருப்பியாம், பயம் போயிருமாம். அதுக்கு நம்ம ஊர்ல வேப்பிலை அடிச்சாலே போயிருமேட்டி, காசாவது மிஞ்சும்."

தாராவி தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற சித்தி வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, இஎம்டிஆர் சிகிச்சைக்குப் போகிறேன் என்று சொன்னபோது கிடைத்த பதில் இது. சித்தியைக் குறை சொல்ல மாட்டேன். முதல் தடவை கேள்விப்பட்டபோது எனக்கும் அது ஏதோ வசிய வித்தை மாதிரிதான் பட்டது. உளவியல் பேராசிரியர்கள் முப்பது வருடத்துக்கும் மேலாக இதே சந்தேகத்தைத்தான் கொஞ்சம் மரியாதையான வார்த்தைகளில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால் சித்திக்குச் சொல்வது போலவே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் பெயர். ஐ மூவ்மென்ட் டீசென்சிடைசேஷன் அண்ட் ரீப்ராசஸிங். ஐ மூவ்மென்ட் என்றால் கண் அசைவு, அது புரிகிறது. டீசென்சிடைசேஷன் என்பதைப் பல் கூச்சத்தோடு சேர்த்து யோசித்தால் சுலபம். பற்பசை விளம்பரத்தில் வரும் 'சென்சிட்டிவ்' இருக்கிறதே, அதைக் குறைப்பது. ஐஸ் தண்ணீர் பட்டால் பல் சுள்ளென்று இழுப்பது போல, ஒரு நினைவு தட்டுப்பட்ட உடனே உடம்பு முழுக்கப் பதறினால், அந்தச் சுள்ளென்பது அடங்குவதற்கு இந்தப் பெயர். ரீப்ராசஸிங் என்பது அந்த நினைவை மனசு மறுபடி எடுத்து, மென்று செரித்து, 'முடிந்துபோன விஷயம்' என்ற இடத்தில் வைப்பது.

கண்டுபிடித்தவர் ஃபிரான்சின் ஷாபிரோ என்ற அமெரிக்கர். 1987-ல் ஒரு நாள் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, மனதை அரித்துக்கொண்டிருந்த சில எண்ணங்கள் தானாகவே உறைப்புக் குறைவதைக் கவனித்ததாகவும், அந்த நேரத்தில் தன் கண்கள் வேகமாக இங்குமங்கும் அசைந்ததை உணர்ந்ததாகவும் அவர் பின்னாளில் சொன்னார். தெரிந்தவர்களிடம் சோதித்துப் பார்த்து, 1989-ல் முதல் ஆய்வை வெளியிட்டார். அப்போது பெயர் வெறும் இஎம்டி. 'ஆர்' பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. அவர் 2019-ல் காலமானார். பூங்காக் கதை ஆப்பிள் மரத்தடிக் கதை மாதிரி கொஞ்சம் அழகாகவே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஒரு சிகிச்சை எப்படித் தோன்றியது என்பதை வைத்து அது பலிக்குமா என்று முடிவு செய்ய முடியாது.

இனி என் கதை. அது இல்லாமல் மீதி விளங்காது.

2014 மழைக்காலத்தில் ஒரு மாலை. ஃபோர்ட்டில் ஆபீஸ், சயானில் வீடு. எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற ஸ்லோ வண்டிகள் தாமதம் என்று சொல்லிவிட்டார்கள். தாதரில் இறங்கி மாறிக்கொள்ளலாம் என்று சில ஸ்டேஷன்களில் மட்டும் நிற்கிற கல்யாண் ஃபாஸ்ட் வண்டியில் லேடீஸ் டப்பாவில் ஏறிவிட்டேன். மும்பையில் இருப்பவர்களுக்கு இங்கேயே சிரிப்பு வந்திருக்கும். மாலை நேர ஃபாஸ்டில் தாதரில் இறங்க வேண்டுமானால் இரண்டு ஸ்டேஷன் முன்னாலேயே வாசல் பக்கம் வரிசையில் நின்றிருக்க வேண்டும். நான் உள்ளே மாட்டிக்கொண்டேன். தாதரில் ஏறிய கூட்டம் என்னை இன்னும் உள்ளே தள்ளியது. துப்பட்டா யாருடைய பையிலோ சிக்கிக் கழுத்தை இழுத்தது. கை விரல்கள் மரத்துப்போயின. காது அடைத்தது. செத்துவிடுவேன் என்று நினைத்தேன். மிகையாகச் சொல்லவில்லை, அந்த வார்த்தையே மனதில் ஓடியது. குர்லாவிலும் முடியவில்லை. கட்கோபரில் யாரோ ஒரு அம்மா என் தோளைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டார்.

அதற்கப்புறம் எட்டு வருடம் லோக்கல் வண்டி ஏறவில்லை. பஸ், ஷேர் டாக்சி. பயம் அங்கேயே நின்றிருந்தால் பரவாயில்லை, அது ஊர்ந்து ஊர்ந்து பரவியது. லிஃப்ட் வேண்டாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாட்டுங்கா பூக்கடைத் தெரு வேண்டாம். கடைசியில் கல்யாண வீட்டில் பந்திக்கு ஆட்கள் முண்டியடிப்பதைப் பார்த்தாலே சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிடும் நிலைமை. இசிஜி, தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று, சரியாகவே இருந்தன. (இந்தப் பரிசோதனைகளைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். தைராய்டு கூடினாலும் இதே படபடப்பு வரும்.) மனநல மருத்துவர் 'பேனிக் டிஸார்டர்' என்றார், திடீர் திடீரென்று பீதி பிடித்து ஆட்டுகிற நோய். மாத்திரை கொடுத்தார். இரவில் தூங்க முடிந்தது, பகலில் வேலை பார்க்க முடிந்தது. பிளாட்பாரத்தில் மட்டும் கால் வைக்க முடியவில்லை.

இங்கேதான் இஎம்டிஆரைப் பற்றி முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. விளம்பரங்கள் 'பதற்றத்துக்கு இஎம்டிஆர்' என்று எழுதுகின்றன. இந்தச் சிகிச்சை பதற்றத்தைத் தொடுவதில்லை, ஒரு நினைவைத் தொடுகிறது. உங்கள் பயத்துக்கு ஒரு வேர் இருந்தால், 'அன்றைக்கு அது நடந்ததே, அதிலிருந்துதான்' என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால், அதற்கு இங்கே வேலை இருக்கிறது. விபத்து, நாய்க்கடி, பல் டாக்டர் நாற்காலியில் பட்ட அவஸ்தை, வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவமானப்பட்டது, இப்படி. மாறாக, பிள்ளை ஸ்கூலிலிருந்து பத்திரமாக வருவானா, இஎம்ஐ கட்ட முடியுமா, அம்மாவுக்குச் சர்க்கரை ஏறிவிடுமோ என்று நாள் முழுக்கக் கவலை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது என்றால், முதலில் கேட்க வேண்டியது சிபிடி என்கிற எண்ணம்-நடத்தைச் சிகிச்சையையும், தேவைப்பட்டால் மருந்தையும். அவற்றுக்கு இருக்கும் ஆய்வு பலம் அதிகம். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமலே நாற்காலியில் உட்கார வைக்கிறவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

சிகிச்சைக்கு எட்டுக் கட்டங்கள். எட்டையும் வரிசையாக ஒப்பிக்கப் போவதில்லை. விரலே வராத கட்டங்கள்தான் அதில் பாதி. முதல் இரண்டு மூன்று சந்திப்புகளில் என் சிகிச்சையாளர், ஒரு மராத்திக்காரப் பெண், கேள்வி மட்டுமே கேட்டார். தூக்கம், குடும்பம், வலிப்பு வந்ததுண்டா, கண்ணில் ஏதாவது கோளாறு உண்டா, சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா, சில நேரம் உடம்பை விட்டு வெளியே நிற்பது போல இருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்று சொல்பவர்களிடம் அவசரப்பட்டு நினைவைக் கிளறினால் நிலைமை மோசமாகலாம், அதனால்தான் இவ்வளவு விசாரணை. பிறகு மனம் அமைதியாகிற ஒரு இடத்தைக் கற்பனையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். நான் தாமிரபரணிப் படித்துறையை எடுத்துக்கொண்டேன். நடுவில் பதறினால் ஓடிப்போய் உட்கார ஒரு இடம்.

அடுத்துக் குறி வைப்பது. அந்தச் சம்பவத்திலேயே மிக மோசமான ஒரு காட்சி எது? துப்பட்டா இழுத்த நொடி. அதைப் பார்க்கும்போது உங்களைப் பற்றி என்ன தோன்றுகிறது? "கூட்டம் ரொம்ப அதிகம்" என்றேன். அது ரயிலைப் பற்றி, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். கொஞ்ச நேரம் இழுபறி. அவரிடம் இந்தியும் இங்கிலீஷும் கலந்துதான் பேசிக்கொண்டிருந்தேன், இரண்டிலும் சரியாக வரவில்லை. "உங்க பாஷையில சொல்லுங்க, எனக்குப் புரியணும்னு இல்ல" என்றார். வாயில் வந்தது: "நான் மாட்டிக்கிட்டேன். என்னால ஒண்ணும் பண்ண முடியாது." தமிழில் சொன்ன உடனே தொண்டை அடைத்தது. அதை நான் சொன்னபடியே ரோமன் எழுத்தில் நோட்டில் குறித்துக்கொண்டார்.

தமிழ்நாட்டுக்கு வெளியே இருக்கிற நமக்கு இது சின்ன விஷயம் இல்லை. பேச்சு வழிச் சிகிச்சைகளில் நடந்ததை விரிவாக விவரிக்க வேண்டியிருக்கும். மொழி தடுக்கினால் பாதி கதை உள்ளேயே நின்றுவிடும். இஎம்டிஆரில் நடந்ததை முழுக்க வாய்விட்டுச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. மனதுக்குள் ஓடினால் போதும். உள்ளே ஓடுவது தமிழில் ஓடட்டும், வெளியே "குச் பதலா" (ஏதோ மாறிச்சு) என்று இந்தியில் இரண்டு வார்த்தை சொன்னால் வேலை நடக்கிறது. அவமானமான நினைவு உள்ளவர்களுக்கும் இது பெரிய ஆசுவாசம்.

'நான் மாட்டிக்கிட்டேன்' என்ற அந்த வாக்கியத்துக்குப் பதிலாக எதை நம்ப ஆசைப்படுகிறேன் என்றும் கேட்டார். "என்னால சமாளிக்க முடியும்." அது எவ்வளவு உண்மையாகப் படுகிறது, 1-லிருந்து 7-க்குள்? 2 என்றேன். காட்சியை நினைத்தால் பதற்றம் எவ்வளவு, 0-விலிருந்து 10-க்குள்? 9. உடம்பில் எங்கே? நெஞ்சும் கழுத்தும். இந்த இரண்டு எண்களும் ஜோசியம் இல்லை. ஒவ்வொரு அமர்விலும் எங்கே நிற்கிறோம் என்று பார்க்கிற தராசு முள்.

பிறகுதான் விரல். இரண்டு நாற்காலியும் நேருக்கு நேர் இல்லாமல் சற்று விலகி, பக்கவாட்டில் கடந்து போகிற இரண்டு படகுகள் போல. என் முகத்துக்கு முன்னால் இரண்டு விரலை இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று வேகமாக ஓட்டினார். தலையை ஆட்டக் கூடாது, கண் மட்டும். காட்சியையும் அந்த வாக்கியத்தையும் நெஞ்சில் இருக்கும் இறுக்கத்தையும் மனதில் வைத்துக்கொண்டு விரலைத் தொடர வேண்டும். ஒரு சுற்றுக்குச் சுமார் 24 தடவை, அரை நிமிடம். நிறுத்தி, "மூச்சு விடுங்க. இப்ப என்ன வருது?" என்ன சொன்னாலும் திருத்தவில்லை, விளக்கம் சொல்லவில்லை. "சரி, அதோட போங்க." மறுபடி விரல்.

ஆரம்பிக்கும் முன் ஒரு உவமை சொன்னார். உலகெங்கும் இஎம்டிஆர்காரர்கள் வழக்கமாகச் சொல்வதாம்: "நீங்க ஒரு ரயில்ல ஜன்னல் ஓரமா உட்கார்ந்திருக்கீங்க. நினைவெல்லாம் வெளியே ஓடுற காட்சி. நீங்க பார்த்துக்கிட்டே போறீங்க, அவ்வளவுதான்." சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். "பஸ்" என்று மாற்றிக்கொண்டார்.

முதல் சுற்றில் துப்பட்டா. இரண்டாவதில் வியர்வை நாற்றம், யாரோ வைத்திருந்த மல்லிகைப்பூ வாசனை. நாலாவது சுற்றோ என்னவோ, சம்பந்தமே இல்லாமல் திருநெல்வேலி ஆனித் தேரோட்டம் வந்து நின்றது. எனக்கு ஆறு வயது. கூட்டத்தில் அம்மா கை நழுவிப்போய், கண்ணுக்கு எட்டின வரைக்கும் வேட்டிகளும் கால்களும் மட்டும். கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள், அப்புறம் வீட்டில் அதை ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் சொல்வார்கள். நானும் வேடிக்கையாகத்தான் நினைத்திருந்தேன். ஆறு வயதுக் குழந்தை நெஞ்சில் இருந்த அதே இறுக்கம், அதே இடத்தில். ஒரு பழைய நினைவின் மேல் புது நினைவு ஏறி உட்கார்ந்திருப்பது உண்டு என்பதால், இஎம்டிஆரில் பழையது, இன்றைய தூண்டுதல், நாளைக்கு நடக்கப் போவது என்று மூன்றையும் தொட்டுப் போவார்கள்.

அன்றைக்கு எண் 9-லிருந்து 5-க்கு வந்தது. ஒன்றரை மணி நேரம். வீட்டுக்குப் போய் அரிசி மூட்டை தூக்கியவள் போலத் தூங்கினேன். இரண்டு மூன்று நாள் விசித்திரமான கனவுகள், சின்ன விஷயத்துக்கெல்லாம் அழுகை. இது எதிர்பார்க்கக்கூடியதே என்று முன்னமே சொல்லியிருந்தார். பரீட்சைக்கோ ஊர்ப் பயணத்துக்கோ முந்தின நாள் இந்த அமர்வை வைத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, விரலுக்கும் பயத்துக்கும் என்ன சம்பந்தம்?

இன்றைக்கு அதிகம் ஆதரவுள்ள விளக்கம் இது. ஒரு நேரத்தில் கையில் பிடித்து வேலை செய்கிற நினைவுக்கு, வொர்க்கிங் மெமரி என்பார்களே அதற்கு, இடம் கொஞ்சம்தான். கடுகு வெடிக்கிற நேரத்தில் ஃபோனில் ஒருவர் கணக்குக் கேட்டால் இரண்டில் ஒன்று கருகும். பயங்கரமான காட்சியை மனத்திரையில் பிடித்துக்கொண்டே கண்ணையும் ஓட்டினால், இரண்டும் அந்தக் கொஞ்ச இடத்துக்குப் போட்டி போடுகின்றன. காட்சிக்கு முழு இடம் கிடைக்காததால் அதன் நிறமும் உறைப்பும் மங்குகின்றன. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் மார்செல் வான் டென் ஹவுட், ஐரிஸ் எங்கல்ஹார்ட் போன்றவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். மனக்கணக்குப் போட்டாலும்கூட நினைவு மங்குகிறது. சும்மா காதில் 'பீப்' சத்தம் மாறி மாறிக் கேட்பதற்குக் கண் அசைவு அளவுக்குப் பலன் இல்லை. அதாவது இடது மூளை, வலது மூளை என்ற மர்மமெல்லாம் அவ்வளவு தேவைப்படவில்லை, மூளைக்கு வேலை கொடுப்பதுதான் விஷயம். உறக்கத்தில் கனவு வரும்போது கண் உருள்வதோடு இதை இணைத்து உறக்கத்தை ஆராய்கிற ராபர்ட் ஸ்டிக்கோல்ட் சொன்ன விளக்கமும் ஒன்று உண்டு. கேட்க நன்றாக இருக்கும், நிரூபணம் குறைவு.

மங்கியது திரும்பத் தெளிவாகிவிடாதா? இதற்குப் பட்டுப்புடவையைச் சொல்லலாம். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் வைத்தால் மடிப்பிலேயே இற்றுப்போகும் என்று அவ்வப்போது எடுத்து மடிப்பு மாற்றி வைப்போம். நினைவும் எடுக்கும்போது இளகி, திரும்ப வைக்கும்போது எப்படி எடுத்துப் பார்த்தோமோ அதையும் சேர்த்துக்கொண்டு மடிகிறது என்கிறார்கள் நினைவை ஆராய்கிறவர்கள். மங்கின நிலையில், பாதுகாப்பான ஒரு அறையில், மின்விசிறிக்குக் கீழே மடித்து வைத்த ரயில் நினைவு, அடுத்த தடவை அப்படியே வெளியே வருகிறது. சம்பவம் மறப்பதில்லை. துப்பட்டாவின் நிறம்கூட எனக்கு இன்றும் தெரியும்.

இனி சித்தியின் கட்சிக்கு வருவோம். ஹார்வர்டின் உளவியலாளர் ரிச்சர்ட் மெக்நாலி இஎம்டிஆரைப் பற்றிச் சொன்னது பிரசித்தம்: இதில் பலன் தருவது புதிதில்லை, புதிதாக இருப்பது பலன் தருவதில்லை. பயந்த நினைவைப் பாதுகாப்பாகத் திரும்பச் சந்திப்பது பழைய வைத்தியம், விரல் வெறும் அலங்காரம் என்பது அந்தக் கட்சி. 2001-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு அதை ஆதரித்தது. 2013-ல் கிறிஸ்டோபர் லீயும் பிம் கைபர்ஸும் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கண் அசைவுக்கென்று தனியாகப் பலன் இருக்கிறது என்றார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. என்னைக் கேட்டால் விரல் ஊறுகாய் மாதிரி. சாப்பாடு அது இல்லை, ஆனால் சோறு இறங்குகிறது.

அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கு, பிடிஎஸ்டி என்பதற்கு, சர்ச்சை குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2013-ல் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் இதைப் பரிந்துரைத்தது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கிற நைஸ் அமைப்பும் 2018 வழிகாட்டுதலில் இதைச் சேர்த்திருக்கிறது. என் மாதிரி பேனிக் நோய்க்கு ஆய்வுகள் கம்மி, அவையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. 2000-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கூட்டத்துக்கும் வெளியிடத்துக்கும் அஞ்சும் பேனிக் நோயாளிகளுக்கு இஎம்டிஆர் ஒரு போலிச் சிகிச்சையைவிட மேலாக நிற்கவில்லை. 2017-ல் நெதர்லாந்தில் 84 பேரை வைத்துச் செய்த ஆய்வில் சிபிடிக்குக் குறையாத பலன் கிடைத்தது. எனக்குச் சரியானது என்பதால் உங்களுக்கும் ஆகும் என்று நான் எழுதினால் நம்பாதீர்கள்.

யூடியூபில் வெள்ளைப் புள்ளி இடமும் வலமும் ஓடும் வீடியோக்கள் குவிந்து கிடக்கின்றன. நினைவைத் திறப்பது சுலபம், திறந்த பிறகு மூடத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தனியறையில் இதைச் செய்யாதீர்கள். ரீல்ஸில் வரும் 'பட்டாம்பூச்சி அணைப்பு', இரண்டு கையையும் மார்பில் குறுக்காக வைத்து மாறி மாறித் தட்டுவது, 1997 புயலுக்குப் பின் மெக்சிகோவின் அகபுல்கோவில் பிழைத்தவர்களோடு வேலை செய்தபோது லூசினா ஆர்டிகாஸ் உருவாக்கியது. படபடப்பை ஆற்றிக்கொள்ள அது பரவாயில்லை. ஆழமான நினைவை அதை வைத்துத் தோண்ட வேண்டாம்.

யாரிடம் போவது? முதலில் நோயைச் சரியாக இனம் காண ஒரு மனநல மருத்துவர். மும்பையில் சயான் ஆஸ்பத்திரி, பரேல் கேஇஎம் இரண்டிலும் மனநலப் பிரிவு உண்டு. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சிகிச்சை தொடங்கிய உற்சாகத்தில் தாமாக நிறுத்தாதீர்கள். இஎம்டிஆர் செய்கிறவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், இஎம்டிஆருக்கென்று தனிப் பயிற்சி எங்கே முடித்தார் என்றும் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், தையல்காரரிடமே இத்தனை கேள்வி கேட்கிறோம். முதல் நாளே விரலை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழில் யாரிடமாவது பேசினால் போதும் என்று இருந்தால் டெலி மானஸ் எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு சேவை, கட்டணமில்லை, எந்த நேரமும் எடுப்பார்கள்.

எனக்கு மொத்தம் ஒன்பது அமர்வு ஆனது. ஏழாவதில் கண்ணை ஓட்டிக்கொண்டே ஒரு வருங்காலப் பயணத்தைக் கற்பனை செய்யச் சொன்னார்: பிளாட்பாரம், வண்டி வருவது, ஏறுவது, கூட்டம், இறங்குவது. அப்புறம் நிஜமாகவே போய்ப் பார்க்க வேண்டும். சயானிலிருந்து மாட்டுங்கா, ஒரே ஒரு ஸ்டேஷன். கூட்டமில்லாத ஞாயிறு மத்தியானம் என்று நாள் குறித்தேன். அன்றைக்கு மெகா பிளாக், தண்டவாள வேலைக்காக வண்டிகளை நிறுத்துவது. வண்டியே இல்லை. எட்டு வருடம் காத்திருந்தவளுக்கு இன்னும் ஒரு நாள் பெரிதில்லை என்று திங்கட்கிழமை பதினொன்றரை மணிக்குப் போனேன். சித்தியும் கூட வந்தார், முந்தானையில் விபூதிப் பொட்டலத்தோடு. பூசிக்கொண்டேன், அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இப்போது எண் 2-ல் நிற்கிறது. 0 ஆகவில்லை. மழை நாளில் 3. தினமும் லோக்கலில்தான் ஆபீஸ் போகிறேன். ஃபாஸ்டில் மட்டும் ஏறுவதில்லை. பயந்து இல்லை, அது சயானில் நிற்காது.